குஞ்சு பறக்கும்வரை

செந்தாமரையின் பால்கனியில் கொண்டைக்குருவி கூடு கட்டியதும், சட்டப்படி அன்று மாலையே அங்கே கேமரா வந்துவிட்டது. கோயம்புத்தூரில் அபூர்வமாகிவிட்ட பறவையாம். பதினோரு லட்சம் பேர் நேரலையில் பார்த்தார்கள். எல்லோரும் ஈர மனசுக்காரர்கள். செந்தாமரையின் பத்து மாதக் குழந்தை அழும்போதெல்லாம், முட்டைக்குள் இருக்கும் உயிர் பயந்துவிடுமே என்று பதறிப் புகார் எழுதினார்கள்.

மூன்றாம் நாள் குடியிருப்புச் சங்கச் செயலாளர், செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து கிசுகிசுத்தார்.

"குஞ்சு பறக்கற வரைக்கும் பாப்பாவை வேற எங்கயாச்சும் வெச்சுக்குங்கம்மா."

கணவன் சிபியே பெட்டி கட்டிக் கொடுத்தான். அவள் குழந்தையோடு திருப்பூரில் அம்மா வீட்டுக்குப் போனாள்.

நான்காவது வாரம் குழந்தை சுவரை விட்டுவிட்டு முதல் அடி வைத்தது. செந்தாமரை உடனே சிபியைக் கூப்பிட்டாள்.

"உஷ்! குஞ்சு பறக்கப் போகுது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

அரை மணி கழித்து அவனே கூப்பிட்டான்.

"பறந்துருச்சு தாமரை! பதினோரு லட்சம் பேரும் அழுதுட்டோம். நீ எதுக்குக் கூப்பிட்டே?"

"பாப்பா நடந்துட்டாளுங்க."

"அடடா! வீடியோ எடுத்தியா?"

"இல்லீங்க. ரெண்டு கையையும் நீட்டிட்டு உக்காந்திருந்தனுங்க."