பெயரில்லாத பொத்தான்

இணையப் பக்கங்களில் உள்ள பிழைகளைச் சொல்லும் மென்பொருளை ஜெசிந்தா காலையிலிருந்து கல்லூரி சர்வரில் நிறுவிக்கொண்டிருந்தாள். அது லேசில் வருவதாக இல்லை. கல்யாணத்துக்கு அழைத்தால் "எங்க அக்காவையும் கூப்பிட்டாத்தான் வருவேன்" என்று முறுக்கிக்கொள்ளும் சொந்தக்காரரைப் போல இன்னொரு மென்பொருளைத் துணைக்குக் கேட்டது. வந்த துணை தனக்கொரு துணை கேட்டது. ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, மனம் கோணாமல் உட்காரவைத்தாள். கண் தெரியாத துரைப்பாண்டி கல்லூரி வேலை ஒன்றுக்கு இணையப் படிவத்தில் விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள். திரையை வாசித்துச் சொல்லும் அவருடைய கணினி, படிவத்தின் முடிவில் மட்டும் ஊமையாகிவிடுகிறது. "எங்களுக்கு நல்லாத்தானே தெரியுது சார்" என்று அலுவலகமே சாதித்தது, அவளும்தான். சாயங்காலம் மென்பொருள் ஒருவழியாக வாய் திறந்தது. முதல் வரியே, படிவத்தின் கடைசிப் பொத்தானுக்குப் பெயர் இல்லை என்றது. திரையில் அந்த இடத்தில் அழகான பச்சை அம்புக்குறி இருந்தது. அவள் அதற்கு ஒரு பெயர் எழுதிவிட்டு அவருக்குப் போன் போட்டாள். "இப்ப தட்டிப் பாருங்க சார்." விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய கணினியின் தட்டையான குரல் "அனுப்பு" என்றது. அவர் விசையைத் தட்டிப் படிவத்தில் பின்னால் போய், மறுபடி அந்தப் பொத்தானுக்கே வந்தார். "அனுப்பு." இன்னும் அவர் அதை அழுத்தவில்லை, மறுபடியும் சொல்லவைத்துக் கேட்டார்.