தானா அணைஞ்சுடுது

"கொஞ்ச நேரம் வேலை பார்த்தாலே கொதிக்குது, தானா அணைஞ்சுடுதுபா," என்றான் பிரேம்நாத்.

வீட்டுக்கு வந்திருந்த மெக்கானிக் ஜான்சன் லேப்டாப்பைத் திருப்பினான். "வீட்ல தறி இருக்குதில்ல? பட்டுத் தூசு அடைச்சிருக்கும்."

காற்றுத் துளையில் இடுக்கியை விட்டு இழுத்தான். வந்தது தூசு அல்ல. மடித்துச் செருகியிருந்த பட்டுத் துணி.

"யார் வேலை இது?" பிரேம்நாத் கத்தினான்.

"என் வேலைதான்," என்றாள் மனைவி துர்கா. "அமாவாசைன்னா மாமா தறிக்கே லீவு விட்டுடறாரு. நீங்க? நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரில படுத்து எழுந்தும், ஒரு நாளாவது இதை மூடினீங்களா?"

காலையிலிருந்து அப்பாவின் தறிச் சத்தம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் பிரேம்நாத்துக்கு உறைத்தது.

லேப்டாப்பை மெதுவாக மூடினான்.

"நாளைக்கு வா ஜான்சன். இன்னிக்கு அமாவாசை."