காதுக்குள் ஒரு கோச்

நாற்பத்தெட்டாவது வயதில், தலைமைப் பண்புப் பயிற்சி என்று சொல்லி ஞானசேகரனின் காதுக்குள், இதமாகப் பேசச் சொல்லித்தரும் ஒரு கோச் கருவியைப் பொருத்தியது அலுவலகம். அதன்பின் அவர் கத்தியதே இல்லை. மகள் இலக்கியா பரீட்சையில் தோற்றபோதுகூட, "இதுல என்ன கத்துக்கிட்டம்மா?" என்று புன்னகைத்தார்.

ஒரு காலையில் சமையலறையிலிருந்து ஓர் ஆண்குரல் இரைந்தது.

"அடி கழுதை, டிபன் பாக்ஸை வச்சிட்டுப் போயிட்டியே! மயங்கி விழுந்தா எவன்டி தூக்குவான்?"

எப்போதோ அவரே மகளுக்கு அனுப்பிய குரல்செய்தி அது. மனைவி வசுமதியும் இலக்கியாவும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

வாசலில் நின்று கேட்ட ஞானசேகரன் இதமாக விசாரித்தார்.

"யாரும்மா இவரு? பாவம், நம்ம கோச்சிங்ல சேர்த்துவிடலாமா?"

வசுமதி அவரையே பார்த்தாள்.

"அவரு இப்ப இல்லைங்க."

ஞானசேகரன் கண்களை மூடி, அந்த மனிதருக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்.