சாவிக்கொத்தில் தொங்கியவர்

கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடி அலமாரியில் இரண்டு புது பிராசஸர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

"கேம் விளையாட என்னை விட்டா ஆளே இல்லை" என்றது பச்சைப் பெட்டிக்குள் இருந்தது.

"பொழுதன்னைக்கும் விளையாடிக்கிட்டா இருப்பாங்க? அன்றாட வேலைக்கு நான்தான். சூடும் ஆக மாட்டேன்" என்றது மஞ்சள் பெட்டிக்குள் இருந்தது.

கடைக்காரர் செல்வின் தன் சாவிக்கொத்தை அலமாரிமேல் வைத்தார். செத்துப்போன பிராசஸரை அவர் எறிவதில்லை. நடு நெற்றியில் ஓட்டை போட்டுச் சாவி வளையத்தில் மாட்டிக்கொள்வார். அப்படி ஒன்று அதில் தொங்கியது.

"அண்ணே, எங்க ரெண்டு பேர்ல யாரு ஒசத்தி? நீங்களே சொல்லுங்க" என்று இரண்டும் வளையத்தில் தொங்கியதைக் கேட்டன.

"பொறுங்கப்பா, எங்க சண்டை முதல்ல முடியட்டும்" என்றது அது.

"எங்க சண்டையா? நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க?"

அந்த நேரம் ஒருவர் கடைக்குள் வந்து, "சார், கேமுக்கும் வீட்டு வேலைக்கும் எது நல்லது?" என்றார். அலமாரியைத் திறக்க செல்வின் கொத்தைத் தூக்கினார். தொங்கிய பிராசஸர் மெல்லத் திரும்பியது. முதுகுப்பக்கம் இன்னொரு பிராசஸர், அதே மாதிரி ஓட்டையோடு ஒட்டித் தொங்கியது.

"நான்தான்டா வேகம்" என்றது முதுகுப்பக்கம் இருந்தது.

"நான்தான்" என்றது முன்னது.

வந்தவர் காதில் சாவி குலுங்கும் சத்தம்தான் விழுந்தது.

பெட்டிகள் இரண்டும் அந்தக் கொத்தையே பார்த்தன. வளையத்தில் இன்னும் இடம் இருந்தது.