இல்லாத பந்தயம்

“எங்கடே இவ்வளவு வேகமா?” அமரவிளையில் விஜயதாஸின் சைக்கிளை மறித்த போலீஸ்காரர் கேட்டார்.

“பந்தயத்துக்குப் பழகுதேன், ஏமானே. மூணு நாள் சைக்கிள் பந்தயமாக்கும்.”

“எந்த வழி?”

“முதல் நாள் பாறசாலை. அடுத்தது நெய்யாற்றின்கரை. கடைசி வெள்ளறடை.”

போலீஸ்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார். “யாரு ஜெயிப்பா?”

“பாறசாலையில ராஜையா. நெய்யாற்றின்கரையில ஸ்தனிஸ்லாஸ். வெள்ளறடை ஏத்தத்துல எலியாவ ஒருத்தனும் பிடிக்க முடியாது.”

“பாப்போம். நீ போ.”

வீட்டுக்கு வந்ததும், சீட்டுக்கு அடியில் ஒளித்திருந்த நோட்டீஸ் கட்டை மனைவி சுகிர்தபாயிடம் நீட்டினான். நெய்யாற்றின்கரைத் தாலுகாவை மலையாள நாட்டிலிருந்து பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லும் நோட்டீஸ்கள் அவை; கையில் வைத்திருந்தாலே போலீஸ் பிடிக்கும்.

“பந்தயம் உண்டுன்னு ஒரு பொய்யச் சொல்லித் தப்பிச்சு வாறேன், பிள்ளே.”

“ஓட்டுதவங்க பேரு கேட்டானா?”

“கேட்டான். சொன்னேன்.”

“யாரு பேரச் சொன்னிய?”

அப்போதுதான் விஜயதாஸுக்கு உறைத்தது. நோட்டீஸை வாங்கி ஒட்டுவதற்காக அந்தந்த ஊரில் காத்திருந்த மூன்று பேரும்தான் அவசரத்தில் அவன் வாயில் வந்திருந்தார்கள்.

கட்டை அவள் கையில் திணித்துவிட்டுச் சைக்கிளில் ஏறி மிதித்தான். சாலையைத் தொட்டபோது, போலீஸ் ஜீப் ஒன்று அவனை முந்திக்கொண்டு பாறசாலைப் பக்கம் போனது.