மழையில்லா நாட்டுக் குடைக்காரன்

"அந்தக் குடைக்காரன் ராணிகிட்ட பேசுவானா, மாட்டானா? அதை மட்டும் சொல்லிடுங்க."

மேசைக்கு எதிரே நின்ற பெண், நாவலின் நான்கு பாகங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள்.

கையெழுத்துப் போடப் பேனா மூடியைக் கழற்றிய நாவலாசிரியைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எந்தக் குடைக்காரன்?

அவளுடைய கதை ராஜ்யத்தில் ஏழு நிலாக்கள் உண்டு. பேசும் ஆறு உண்டு. தூக்கத்தில் எழுந்து நடக்கிற மலைகூட ஒன்று உண்டு. மழை மட்டும் கிடையாது. முதல் பாகத்தின் முதல் வரியிலேயே மழை அந்த நாட்டோடு கோபித்துக்கொண்டு போய்விடும். அங்கே குடை எப்படி வந்தது?

நூலகக் கூடத்தின் மின்விசிறி தலைக்கு மேல் சோம்பலாகச் சுற்றியது. சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்களுக்கென்று ஆண்டுக்கு ஒருமுறை இப்படி ஆளுக்கொரு மேசை கொடுப்பார்கள். காலையிலிருந்து அவளிடம் வந்தவர்களில் பாதிப் பேர் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். மீதிப் பேர் குழந்தைகள் வண்ணம் தீட்டுகிற புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

நான்கு பாகத்தையும் படித்த ஒரு ஜீவன் இப்போதுதான் வந்து நிற்கிறது. பல் மருத்துவரிடம் உதவியாளராம். ஊசி போட்டுக்கொண்டவருக்கு ஈறு மரத்துப்போவதற்குள் இரண்டு பக்கம் படித்துவிடுவாளாம்.

இவளிடம் போய் எனக்கே தெரியாது என்று எப்படிச் சொல்வது? இருக்கிற ஒரு வாசகியும் கைநழுவிப் போய்விடுவாள்.

உனக்கு என்ன தோன்றுகிறது என்று சிரித்துச் சமாளித்தாள்.

அவ்வளவுதான், வாசகி மடை திறந்தாற்போலக் கொட்டினாள். ஒவ்வொரு பாகத்திலும் கடைசி அத்தியாயத்தில் மட்டும் வருவானே, அவன்தான். முடிசூட்டு விழாவில் அரண்மனை வாசலோரம் நிற்பான். போர் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் நிற்பான். டிராகன் ஊரையே எரித்தபோதுகூட அதே வாசல், அதே மடக்கிய குடை. ஊர் சிரிக்கும். ராணி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மழை வந்தால் நனைந்துவிடுவாளே என்று நான்காவது பாகத்தில் தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொள்வான். அந்த இடத்தில் வாசகி அழுதுவிட்டாளாம்.

கேட்கக் கேட்கக் கூடம் மங்கிக்கொண்டே போனது. நாவலாசிரியை தன் அரண்மனை வாசலை முதல்முறையாக வெளியிலிருந்து பார்த்தாள். ஏழு நிலாக்களின் வெளிச்சத்தில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். முகம் தெரியவில்லை.

அவளுக்கு வயிறு எரிந்தது. தன் ராஜ்யத்துக்குள் தன்னைக் கேட்காமல் எவனோ நுழைந்திருக்கிறான்.

தப்பு அவள் பக்கமும் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் கடைசி அத்தியாயத்தை அவள் படிக்க மாட்டாள். படித்தால் கதை முடிந்துவிடும், அதில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று ஒரு பயம். வீட்டு அலமாரியில் எல்லாப் புத்தகங்களும் முடிவுக்குச் சற்று முன்னால் காகிதத்துண்டு செருகியபடி தூங்குகின்றன. தன் புத்தகத்துக்கும் அதே சட்டம்தான். கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதுவாள். எழுதியதும் திரும்பிப் பாராமல் கைமாற்றிவிடுவாள். விமர்சனங்களைக்கூட, முடிவு தெரிந்துவிடப் போகிறதே என்று பாதியில் மூடிவிடுவாள்.

அதற்குப் பிறகு பிழை பார்ப்பது, பக்கம் அமைப்பது, அச்சுக்கு அனுப்புவது எல்லாம் வீட்டுக்காரர்.

அவள் மெல்லத் திரும்பினாள்.

சுவரோரம், புத்தகப் பெட்டி ஒன்றின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே நேராக இருந்த அடுக்கை மறுபடி நேராக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

அவர் வாய் திறப்பதே அபூர்வம். சம்மதம், பசி, கோபம் எல்லாவற்றுக்கும் ஒரு 'ம்' போதும். அவளிடம் அவராக வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முதல் பாகம் எழுதிக்கொண்டிருந்த நாட்களில், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, உன் கதையில் என்னை மாதிரி ஓர் ஆள் வரலாமா என்று கேட்டார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ராணி இருக்கிற இடத்தில் உங்களுக்கு என்ன வேலை, குடை பிடிக்கிற வேலையா? அதற்கும் வழியில்லையே, அங்கே மழையே கிடையாதே!

அவரும் சிரித்தார். 'ம்' என்றார்.

அவள் அன்றைக்கே அதை மறந்துபோனாள். அவர் மறுநாளே வேலையில் சேர்ந்திருக்கிறார்.

வயிற்றெரிச்சல் போன இடம் தெரியவில்லை. இத்தனை வருஷமாகவா நிற்கிறார்? வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குள்ளே, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், சந்தோஷமாகவும் இருந்தது.

வாசகி இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"ராணி கூப்பிடணும்மா. கூப்பிட்டாதான் பேசுவான்" என்றாள் நாவலாசிரியை.

பக்கத்து நாற்காலியில் காலையிலிருந்து அவளுடைய கைப்பை உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துத் தரையில் வைத்தாள். நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"என்னங்க, இங்க வந்து உட்காருங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். தன்னைத்தானா என்பதுபோலப் பின்னாலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்தார்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பெட்டியோரம் சாய்த்து வைத்திருந்த கறுப்புக் குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்தார்.

வாசகி குடையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அணைத்திருந்த புத்தகங்களை மெதுவாக இறக்கி, மேலே இருந்ததன் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

பேனாவை நாவலாசிரியைதான் எடுத்து அவரிடம் நீட்டினாள்.