வெயில் பட்ட முகம்

"என்னய்யா இது மூஞ்சி?"

எம்.ஆர்.ஐ. அறையிலிருந்து வெளியே வந்த சொரிமுத்துவின் தலைத்துண்டை விலக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார் டாக்டர் அழகியநம்பி. நெற்றி, கன்னம், புறங்கை எல்லாம் சிவந்து கொப்புளித்திருந்தன.

சொரிமுத்து போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி. மூளையில் கட்டி. மருந்தை ஊசியில் ஏற்றி, கட்டிமேல் ஒளி பாய்ச்சிக் கருக்கும் சிகிச்சை. அந்த ஆஸ்பத்திரிக்கே புதுசு. சிகிச்சை முடிந்த பிறகும் மருந்து உடம்பில் இருக்கும்வரை வெயில் ஆகாது. பட்டால் தோல் வெந்துவிடும்.

பக்கத்தில் இரண்டு வெளிநாட்டு டாக்டர்கள். ஸ்கேன் படம் பிரமாதம். கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. அதற்குப் போகும் ரத்த ஓட்டம் அடங்கியதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. இப்போதுதான் கைகுலுக்கி முடித்திருந்தார்கள்.

டாக்டர் சொரிமுத்துவின் மனைவி பூமாரி பக்கம் திரும்பினார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, இருட்டு ரூம்லேயே வச்சிருக்கணும்னு. உங்களுக்கெல்லாம் மண்டையில ஏறவே ஏறாதா?"

பூமாரி துண்டை இழுத்துக் கணவனின் தலையை மூடினாள்.

"கொழுந்து எடுக்க அனுப்பினியா? இல்ல, குடிக்கப் போனானா?"

நர்ஸ் சுஜா உதட்டைச் சுழித்தாள். "இவங்களுக்கு இந்த ட்ரீட்மென்டே வேஸ்ட் சாரே."

"ஜன்னல்ல சாக்கு அடிச்சு வச்சிருந்தேன் சாரே," என்றாள் பூமாரி மெதுவாக. "சோறுகூட இருட்டுலதான் ஊட்டினேன்."

"அப்போ வெயில் வீட்டுக்குள்ள நடந்து வந்ததா?"

"படம் அடுத்த மாசம்னுதானே சொல்லியிருந்தீங்க. நேத்து நீங்களே எஸ்டேட் ஆபீசுக்குப் போன் பண்ணி, வெளிநாட்டுக்காரங்க வந்திருக்காங்க, எப்படியாவது நாளைக்குக் கூட்டிட்டு வரணும்னு சொன்னீங்க. வெயில் ஆகாதேன்னு கேட்டேன். துணியைப் போட்டு மூடிட்டு வான்னீங்க. பஸ் பாதி வழியில நின்னுபோச்சு சாரே. ஜீப் கிடைக்கிற வரைக்கும் நடந்தோம். என் சேலையைப் போட்டு மூடித்தான் கூட்டிட்டு வந்தேன். அடிச்ச காத்துல சேலை நிக்கல."

சுஜா சட்டென்று மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

வெளிநாட்டுக்காரர்களில் மூத்தவர், கொப்புளங்களையே பார்த்தபடி கேட்டார், "அந்த அம்மா என்ன சொல்கிறார்?"

டாக்டர் அழகியநம்பி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நான் சொன்னதைக் கேட்காதது தன் தப்புதான் என்று மன்னிப்புக் கேட்கிறாள்," என்றார் ஆங்கிலத்தில்.